நௌ-க்கு முன்னால் கே போட்டால் நோ ஆவது எப்படி?

மாடிப்படி:

அக்கா மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று அவளுக்கு டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘தெரியும்’ என்று அர்த்தம் வரும் நோ-வைச் சொன்னதும் என்-ஓ என்று எழுதினாள். அது ‘இல்லை’, நான் சொன்னது ‘தெரியும்’, அதற்குக் கே-என்-ஓ-டபிள்யூ என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். கே சைலன்ட், சத்தம் வராது என்றும் சொன்னேன். சத்தம் வராத எழுத்தை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பாள், ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. ரப்பரை எடுத்து கே-யை மட்டும் அழித்துவிட்டு, மிச்சத்தைக் காட்டி “இதை வாசி” என்றாள்.

நௌ. ‘இப்போது’.

“கே-க்குச் சத்தமே இல்லைன்னா, அதை அழிச்சதும் நோ எப்படி நௌ ஆச்சு? அப்போ கே ஏதோ செய்யுதுல்ல?”

எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. இத்தனை வருடமாக இந்தச் சொல்லை எழுதுகிறேன், ஒருநாளும் இது தோன்றியதில்லை. கூகுளில் தேடினால் ‘கே சைலன்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கூடவே இன்னொன்று. இந்தச் சொல்லும் நம் ‘ஞானம்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா, வாட்சப் ரகமா?

மூன்றாவது என் சொந்தப் புலம்பல். போன மாதம் ஆபீஸில் ஒரு ஃபைலில் தப்பு நடந்துவிட்டது. மீட்டிங்கில் எல்லோரும் சேர்ந்து அதைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதை மெயிலில் ‘ஐ நியூ அபௌட் த மிஸ்டேக் வென் வீ ஓப்பன்ட் த ஃபைல்’ என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, “தெரிந்துகொண்டே ஏன் சும்மா உட்கார்ந்திருந்தாய்?” என்று கேட்டார். நான் எழுதியதில் என்ன தப்பு என்று இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை.

சுருக்கெழுத்து:

கே ஒன்றும் செய்யவில்லை. ஓ-டபிள்யூ என்ற ஜோடிக்கு ஆங்கிலத்தில் இரண்டு சத்தம் உண்டு. ப்ளோ, த்ரோ, ஸ்னோ ஒரு பக்கம். கௌ, ஹௌ, நௌ இன்னொரு பக்கம். எது எந்தப் பக்கம் என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். எட்டு வயதுக்கு இது போதும்.

மாடிப்படி:

எட்டு வயதுக்குப் போதும், முப்பத்தெட்டு வயதுக்குப் போதவில்லையே ஐயா. ஏன் இரண்டு சத்தம்?

பழந்தாள்:

குழந்தை சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறாள். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால், பழைய ஆங்கிலத்தில், இந்த மூன்று சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ‘தெரியும்’ என்ற வினை ‘க்னாவன்’. முதலில் க் நன்றாகவே ஒலித்தது, உயிர் நம் நெடில் ஆ, அதற்குப் பின்னால் உதட்டைக் குவித்துச் சொல்லும் உண்மையான வ். ‘இல்லை’ என்ற சொல் ‘நா’. ‘இப்போது’ என்பது ‘நூ’. க்னாவன், நா, நூ. யாருக்கும் குழப்பம் வந்திருக்காது.

அப்புறம் இரண்டு மாற்றங்கள் வெவ்வேறு காலத்தில் நடந்தன. முதல் மாற்றம், தெற்கு இங்கிலாந்தில் நெடில் ஆ மெல்ல ஓ ஆனது. ‘ஸ்டான்’ என்ற கல் ‘ஸ்டோன்’ ஆனது, ‘ஹாம்’ என்ற வீடு ‘ஹோம்’ ஆனது. அதே ஓட்டத்தில் ‘நா’ போய் ‘நோ’ வந்தது, ‘க்னாவன்’ என்பது ‘க்னோவன்’ ஆகி, வால் தேய்ந்து ‘க்னோவ்’ என்று நின்றது. ஸ்காட்லாந்துக்காரர்களிடம் இந்த மாற்றம் நடக்கவில்லை, அவர்கள் கிளை வேறு வழியில் போனது. அதனால்தான் அவர்கள் பேச்சு வழக்கில் இன்றும் ஹோம் ‘ஹேம்’ ஆகவும் ஸ்டோன் ‘ஸ்டேன்’ ஆகவும் இருக்கிறது.

இரண்டாம் மாற்றம் நெடில் ஊ மீது. அது பிற்காலத்தில், சுமார் 1400-க்குப் பிறகு, ஔ ஆகத் திரிந்தது. ‘ஹூஸ்’ ஹௌஸ் ஆனது, ‘மூஸ்’ மௌஸ் ஆனது, ‘கூ’ என்ற பசு கௌ ஆனது. ‘நூ’ என்பது நௌ ஆனது இப்படித்தான்.

இப்போது எழுத்துக்கு வருவோம், வில்லங்கமே அங்கேதான். 1066-க்குப் பிறகு நார்மன்கள் ஆட்சி வந்ததும் பிரெஞ்சுப் பழக்கத்தில் எழுதும் எழுத்தர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஊ என்ற ஒலியை ஓ-யூ என்றோ ஓ-டபிள்யூ என்றோ எழுதுவது வழக்கம். அதனால் ‘நூ’ என்ற சொல்லை என்-ஓ-டபிள்யூ என்று எழுதினார்கள். அங்கே ஓ-டபிள்யூ இரண்டும் சேர்ந்து ஒரே உயிருக்கான குறி. ‘க்னோவ்’ என்பதில் நிலைமை வேறு. அங்கே ஓ தனி உயிர், டபிள்யூ தனி மெய், இரண்டும் அவரவர் வேலையைத் தனித்தனியே பார்த்தன. பார்வைக்கு ஒரே ஜோடி, பிறந்த வீடு வேறு.

ஆக, உங்கள் அக்கா மகள் அழித்தது கே-யை மட்டும்தான். ஆனால் மிச்சமிருந்த மூன்று எழுத்தும் வேறொரு சொல்லின் வேடத்தைப் போட்டுக்கொண்டன. கே-க்கு இதில் பங்கே இல்லை. இதற்கு இன்னும் கூர்மையான சாட்சி வேண்டுமென்றால் எஸ்-ஓ-டபிள்யூ என்று எழுதிக் காட்டுங்கள். விதைப்பது என்றால் அது ‘ஸோ’, பெண் பன்றி என்றால் ‘ஸௌ’. கே-யும் இல்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை, இரண்டு உச்சரிப்பு. விதைப்பது பழைய ‘ஸாவன்’, பன்றி பழைய ‘ஸூ’. ஆ-விலிருந்து வந்தது ஓ, ஊ-விலிருந்து வந்தது ஔ. சுருக்கெழுத்து சொன்ன பட்டியலில் ப்ளோ, த்ரோ, ஸ்னோ மூன்றும் ஆ வீட்டுப் பிள்ளைகள், கௌ, ஹௌ, நௌ மூன்றும் ஊ வீட்டுப் பிள்ளைகள். சரிபார்த்துக்கொள்ளலாம்.

கே எப்போது ஊமையானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ரொம்பப் பின்னால், 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் தரமான ஆங்கிலத்தில் மறைந்தது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல், அவர் காலத்தில் பெரும்பாலானோர் வாயில் க் இருந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரரான கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டது 1476-இல். அதாவது அச்சுக்காரர்கள் கே-யைக் கோர்த்தபோது அது வெட்டி எழுத்து இல்லை, நன்றாகச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்த எழுத்து. ஜான்சன் 1755-இல் அகராதி வெளியிட்டபோது சத்தம் போய்விட்டது, எழுத்து ஈயத்தில் உறைந்துவிட்டது. முழங்காலுக்கான நீ, கத்திக்கான நைஃப், முடிச்சுக்கான நாட், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முழங்காலை ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் இன்றும் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள், க் தெளிவாகக் கேட்கும்.

டபிள்யூ-வும் சும்மா இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. லண்டன் பக்கத்து உச்சரிப்பில் நோ என்பது நீளும்போது கடைசியில் உதடு குவியும். நாம் சொல்லும் நோ முழு நீளத்துக்கும் ஒரே ஓ. அதைத் தவறு என்று திருத்த வருபவர்களைப் பொருட்படுத்தாதீர்கள், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். திருத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாலெட்ஜ் என்ற சொல்லைச் சிலர் ‘நோலெட்ஜ்’ என்று இழுப்பார்கள். நோ-வைப் பார்த்து வரும் பழக்கம் அது. அங்கே உயிர் குறில், ‘நாட்’ என்பதில் வரும் அதே ஒலி.

வேர்வேட்டை:

இவ்வளவு சுற்ற வேண்டாம். நோக்கு என்ற தமிழ்ச்சொல்தான் நோ. நோக்கினால்தானே அறிய முடியும்? நோக்கு என்பதில் உள்ள ககரம்தான் இடம் மாறி ஆங்கிலத்தில் முன்னால் போய் நின்று, பிறகு ஊமையாகிவிட்டது. நம் சொல்லை எடுத்துக்கொண்டு நமக்கே எழுத்துக்கூட்டிக் காட்டுகிறார்கள்.

சுருக்கெழுத்து:

ஆரம்பித்துவிட்டார்கள்.

பழந்தாள்:

வேர்வேட்டை அவர்களுக்கு, கோபப்படாமல் கேளுங்கள். நோக்கு அருமையான சொல், அதற்கு இந்தப் பெருமை தேவையில்லை. இன்று நம் காதில் விழும் நோ-வையும் நோக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஆனால் அந்த ஓ வந்ததே பிற்காலத்தில் என்று மேலேயே சொன்னேன். ஒப்பிட வேண்டியது ‘க்னாவன்’ என்ற பழைய வடிவத்தோடு. அதில் ஓ-வே இல்லை, க் நகர்ந்து வரவும் இல்லை, ஆதியிலிருந்து முன்னால்தான் இருக்கிறது. இப்போதைய ஒலியை வைத்து உறவு சொல்வதென்றால் ‘தெரியும்’ என்ற நோ-வும் ‘இல்லை’ என்ற நோ-வும் அண்ணன் தம்பி ஆகிவிடும்.

உறவு சொல்வதற்கு ஒரு சொல் போதாது, ஒரே மாதிரி மாற்றம் வரிசையாகப் பல சொற்களில் நடந்திருக்க வேண்டும். அந்த வரிசை இங்கே இருக்கிறது, அதுவும் மாடிப்படி கேட்ட ஞானம் பக்கம்தான் போகிறது. லத்தீனில் முழங்கால் ‘கெனு’, ஆங்கிலத்தில் ‘க்னீ’ என்றிருந்த நீ, சமஸ்கிருதத்தில் ‘ஜானு’. லத்தீனில் இனம் ‘கெனுஸ்’ (அங்கே க என்பதை நாகம் என்பதில் வரும் க போல மென்மையாகச் சொல்ல வேண்டும், முழங்காலுக்கும் அப்படியே), ஆங்கிலத்தில் ‘கின்’, சமஸ்கிருதத்தில் ‘ஜன’, நாம் ஜனம் என்கிறோமே அது. அறிவதற்கு லத்தீனில் ‘க்னோஸ்கெரெ’, கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’, ஆங்கிலத்தில் ‘க்னாவன்’, சமஸ்கிருதத்தில் ‘ஜ்ஞா’. மூன்றிலும் ஒரே தாளம். லத்தீனின் மெல்லிய க, ஆங்கிலத்தில் வல்லின க், சமஸ்கிருதத்தில் ஜ. டென்மார்க்கின் ராஸ்க் 1818-இலும் ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இலும் இந்த மாற்றங்களைத் தொகுத்து எழுதினார்கள். ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர்.

ஆகவே உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஞானம் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல், அதன் ‘ஜ்ஞா’ ஆங்கில நோ-வின் ஒன்றுவிட்ட சகோதரன். தமிழ் நேரடி உறவு இல்லை, வந்து தங்கிய விருந்தாளி வழியாக உறவு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. முன்னால் நிற்கும் மெய்யைத் தொலைத்தது ஆங்கிலம் மட்டும் இல்லை. லத்தீனிலேயே ‘க்னோஸ்கெரெ’ பின்னால் ‘நோஸ்கெரெ’ ஆகிவிட்டது, க போய்விட்டது. நோட்டீஸ் ஒட்டுகிறோமே, அந்த நோட்டீஸ் க தொலைந்த அந்தக் கிளையிலிருந்து வந்தது. தமிழும் அதையே செய்தது. சொல்லின் தொடக்கத்தில் தனி மெய் வராது என்பது தொல்காப்பியம் முதல் நம் விதி, அதனால் ‘ஜ்ஞான’ வாசலுக்கு வெளியே ஜ்-ஐக் கழற்றி வைத்துவிட்டு ஞானமாக உள்ளே வந்தது. ஒரு வித்தியாசம், நாம் கழற்றியதை எழுத்திலும் விட்டுவிட்டோம். ஆங்கிலேயர்கள் செருப்பைக் கழற்றிய பிறகும் கையில் எடுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

தொலைந்த மெய் முழுசாகத் தொலையவும் இல்லை. முன்னால் ஒரு உயிர் கிடைத்தால் போதும், எட்டிப் பார்க்கும். லத்தீனில் நோஸ்கெரெ-வில் இல்லாத க, இக்னோர், ரெகக்னைஸ் என்ற சொற்களில் இருக்கிறது. கிரேக்க வழியில் டயக்னோசிஸ், 1869-இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி உருவாக்கிய அக்னாஸ்டிக். தமிழில் ஞானம் என்பதில் இல்லாதது பிரக்ஞை என்பதில் க் ஆகத் தலைகாட்டுகிறது, விஞ்ஞானம், அஞ்ஞானம் என்பவற்றில் ஞ் இரட்டித்து அந்த இடத்தை நிரப்புகிறது. ஆங்கிலத்தில் அக்னாலெட்ஜ் இருக்கிறதே, அதைச் சொல்லிப் பாருங்கள். நாலெட்ஜில் செத்துப்போன க் அங்கே உயிரோடு இருக்கிறது. எழுத்தில் கே-க்கு முன்னால் ஒரு சி வந்து சேர்ந்துகொண்டது, அந்த சி-தான் இப்போது அந்தச் சத்தத்தைக் காப்பாற்றுகிறது. கே பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிறது.

வேர்வேட்டை:

ஜ்ஞா, ஜானு பட்டியலை மறுக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பதற்கும் அறிவதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொன்னதில் தப்பில்லை.

பிழைதிருத்தி:

அதில் தப்பே இல்லை, சொல்லப்போனால் அதுதான் மாடிப்படியின் மூன்றாவது கேள்விக்குச் சாவி. நான் மொழிபெயர்ப்பு பார்த்துத் திருத்தும் வேலையில் இருக்கிறேன், இந்த ஒரு வினையோடு வாரத்துக்கு இரண்டு முறையாவது மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் அறிவதற்கு இரண்டு வினைகள் இருந்தன. க்னாவன் என்பது ஆளையோ பொருளையோ இன்னது என்று அடையாளம் கண்டுகொள்வது. ஒரு செய்தியைத் தெரிந்து வைத்திருப்பதற்கு ‘விட்டன்’ என்று வேறொரு வினை. இதன் வேருக்கு ஆதிப் பொருள் பார்ப்பது. லத்தீனில் அதே வேர் பார்ப்பதாகவே நின்றுவிட்டது, வீடியோ என்ற சொல் அங்கிருந்து வருகிறது. சமஸ்கிருதத்தில் அது ‘வித்’, நம்மிடம் வேதம், வித்தை, வித்வான் என்று வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் விட்டன் காலப்போக்கில் வழக்கொழிந்து, விட், வைஸ், விட்னெஸ் என்று சில்லறையாகச் சிதறிவிட்டது. அதன் வேலையையும் சேர்த்து நோ-வின் தலையில் கட்டிவிட்டார்கள். ஜெர்மனில் இன்னும் ‘விஸ்ஸன்’, ‘கென்னன்’ என்று இரண்டு இருக்கின்றன, பிரெஞ்சில் ‘சவ்வார்’, ‘கொனெத்ர்’. அவர்கள் ஆங்கிலம் படிக்கும்போது இரண்டையும் ஒன்றில் திணிக்க வேண்டும், நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘அவனைத் தெரியும்’, ‘அவன் வருவான் என்று தெரியும்’, எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ ஒன்றே போதும். நமக்குச் சிரமம் வேறு ரூபத்தில் வருகிறது.

‘தெரி’ என்ற நம் வினையைக் கவனியுங்கள். மலை தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது, கண் சரியாகத் தெரியவில்லை. அடிப்படையில் அது கண்ணுக்குப் புலப்படுவது. புலப்படுவதுதான் அறிவு. வேர்வேட்டை சொன்ன தொடர்பு நோ-வில் இல்லை, தெரியும் என்ற சொல்லில் இருக்கிறது. புலப்படுவது ஒரு நிகழ்ச்சி. இவ்வளவு நேரம் தெரியாதது இப்போது தெரிகிறது. அதனால் தமிழில் ‘தெரிந்தது’ என்றால் பெரும்பாலும் அந்த நொடியில் புலப்பட்டது என்று அர்த்தம். ‘திறந்தபோதுதான் தெரிந்தது’ என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆங்கில நோ அப்படி இல்லை. அது நிகழ்ச்சியைச் சொல்லாது, நிலையைச் சொல்லும். தலைக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் ஒன்றைப் பற்றிய சொல் அது. அதனால் நியூ என்று எழுதினால், அந்த நேரத்தில் அந்த விஷயம் உங்களிடம் முன்பே இருந்தது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘வீ ஓப்பன்ட்’ என்று பக்கத்தில் ஒரு நேரத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் எழுதியது ‘ஃபைலைத் திறக்கும்போது எனக்குத் தப்பு தெரிந்தே இருந்தது’. மேலதிகாரி கேட்டதில் நியாயம் இருக்கிறது, உங்கள் இலக்கணத்திலும் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இந்தப் பிழையின் விஷமம், எந்த மென்பொருளும் அடிக்கோடு போட்டுக் காட்டாது.

அந்த இடத்தில் ‘ஃபௌண்ட் அவுட்’ என்றோ ‘ரியலைஸ்ட்’ என்றோ ‘நோட்டீஸ்ட்’ என்றோ போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. பார்த்துக் கண்டுபிடித்தால் நோட்டீஸ்ட், யாராவது சொல்லித் தெரிந்தால் ‘ஹெர்ட்’ அல்லது ‘லெர்ன்ட்’. ‘கேம் டு நோ’ என்று நம்மவர்கள் நிறைய எழுதுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் ஒவ்வொரு மெயிலிலும் வந்தால் அலுத்துவிடும். எதிரில் இருப்பவர் ‘ஃபௌண்ட் அவுட்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற இடம் அது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். தமிழில் ‘தெரிந்திருந்தது’ என்று மாற்றிப் போட்டால் நீங்கள் சொல்ல வந்தது கெடாமல் இருக்கிறதா? இருந்தால் நியூ எழுதலாம். ‘தெரியவந்தது’ என்பதுதான் பொருந்துகிறது என்றால் நியூ-வைத் தொடாதீர்கள்.

‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். நிலைக்கு ‘கொண்டிருக்கிறேன்’ கிடையாது. நாமும் ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்வதில்லையே. ‘தெரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்வோம், ஆனால் அங்கே நடப்பது கற்றுக்கொள்வது, அதற்கு ஆங்கிலத்தில் லெர்னிங்.

இன்னொரு சின்ன விஷயம், நோ-வுக்குப் பின்னால் வரும் வால்கள். ‘ஐ நோ ஹிம்’ என்றால் பழக்கம் உண்டு. ‘ஐ நோ ஆஃப் ஹிம்’ என்றால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். வேலைக்கு ஒருவரைச் சிபாரிசு செய்யும்போது இந்த ‘ஆஃப்’ விட்டுப்போனால் முன்பின் பழகாதவருக்கு நீங்கள் ஜாமீன் கொடுத்தமாதிரி ஆகிவிடும். பைபிளில் ஆதாம் ஏவாளை ‘அறிந்தான்’ என்று வருவது வேறு கணக்கு, அது எபிரேய வினையின் பொருளை அப்படியே எடுத்து வந்தது, தமிழ் பைபிளிலும் அறிந்தான் என்றே வைத்திருக்கிறார்கள்.

நீளமாகிவிட்டது, ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வோம்? ‘ஐ கேன் ஸ்விம்’. இந்த ‘கேன்’ வேறு யாரும் இல்லை, க்னாவன் பிறந்த அதே வேரில் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’, முதற்பொருள் தெரியும் என்பதே. செய்யத் தெரியும் என்பதிலிருந்து செய்ய முடியும் என்று நகர்ந்தது. நாம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறோம், நீந்த, சமைக்க, வண்டி ஓட்ட எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’தான். நாகரிகமில்லாதவனை ‘அன்கூத்’ என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம். முதலில் அதற்கு ‘தெரியாத, பழகாத’ என்று மட்டும்தான் அர்த்தம். பழகாதவன் முரடனாகத்தான் இருப்பான் என்று மொழியே முடிவு கட்டிவிட்டது.

மாடிப்படி:

பழந்தாள், பிழைதிருத்தி இருவருக்கும் நன்றி. அந்த மெயிலை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன், நானே என்னைக் காட்டிக்கொடுத்தமாதிரி இருக்கிறது. ஃபௌண்ட் அவுட் என்று இரண்டு சொல் போட்டிருந்தால் அன்றைக்கு அரை மணி நேரம் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

அக்கா மகளிடம் க்னாவன் கதையைச் சுருக்கிச் சொன்னேன். பன்றி, விதை இரண்டையும் எழுதிக் காட்டினேன், “அப்போ கே நல்லவன்தான்” என்று விட்டுவிட்டாள். இப்போது வீடு முழுக்க ‘க்னைஃப் கொடு’, ‘க்னீயில அடிபட்டுடுச்சு’ என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் முன்னால் சொல்லிவிடாதே என்று கெஞ்சியிருக்கிறேன். இன்று காலையில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. டவுட் என்பதில் வரும் பி-யையும் ஒரு காலத்தில் சொன்னார்களா? ‘டவுப்ட்’ என்று?

பழந்தாள்:

இல்லை. ஊமை எழுத்து எல்லாமே ஒரு காலத்தில் பேசியவை என்று நினைத்துவிட வேண்டாம். டவுட் பிரெஞ்சிலிருந்து வந்தபோதே பி இல்லாமல்தான் வந்தது, எழுதியதும் பி இல்லாமல்தான். லத்தீனில் ‘துபிதாரெ’ என்று பி இருக்கிறதே என்று பிற்காலத்துப் படித்தவர்கள் அதைக் கொண்டுவந்து சொருகினார்கள். ஐலண்டில் உள்ள எஸ் அதே மாதிரி சொருகல். குட் என்ற சொல்லில், கேன்-இன் இறந்தகாலம், எல் இருக்கிறது பாருங்கள், வுட், ஷுட் இரண்டிலும் எல் இருக்கிறதே என்று பார்த்துப் போட்டது. அந்த இரண்டிலும் எல் ஒரு காலத்தில் ஒலித்தது, குட்-இல் மட்டும் அதற்கு வேரே கிடையாது.

மாடிப்படி:

இதைச் சொன்னால் பரீட்சையில் எல் போட மாட்டேன் என்பாள். பத்தாம் வகுப்பு முடியும்வரை சொல்லப்போவதில்லை.